வரி வசூலிப்பவரும் விடுதலையும்



பிலிப்பைன்ஸ் நாட்டில் சுதந்திர நாள் எது என்று இன்று கேட்டால் ஜூன் 12 என்பார்கள். 1961-இல் கேட்டிருந்தால் ஜூலை 4 என்று சொல்லியிருப்பார்கள். என்னைக் கேட்டால் ஆகஸ்ட் 1 என்பேன். அந்த மூன்றாவது தேதி எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் இன்று இந்த ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்ல. உள்ளாட்சித் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டு வரி ரசீதுப் புத்தகம், கேட்பு வசூல் நிலுவைப் பட்டியல் இவற்றைப் புரட்டியே காலம் தள்ளியவன். எந்த நாட்டு வரலாற்றைப் படித்தாலும் கவர்னர் மாளிகையைத் தாண்டிப் போய், கடைக்கோடி ஊரில் வரி வசூலித்தவர் யார் என்று தேடுவது என் வழக்கம். பிலிப்பைன்ஸ் வரலாறு அப்படித் தேடுகிறவனுக்கு விருந்து.

மகெல்லன் 1521-இல் அந்தத் தீவுகளுக்கு வந்தார். மக்தான் தீவில் உள்ளூர்த் தலைவர் லாபுலாபுவின் ஆட்கள் கையில் உயிரை விட்டார். ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி 1565-இல் செபுவில் கால் ஊன்றினார், 1571-இல் மணிலாவைத் தலைநகராக்கினார். தீவுகளுக்கு ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் பெயர். இவ்வளவும் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகம் வேகமாகத் தாண்டிப் போகிற கேள்வி ஒன்று உண்டு. ஸ்பெயின் உலகத்தின் மறுபக்கம். 1821 வரை உத்தரவுகள் பெரும்பாலும் மெக்சிகோ வழியாக, பசிபிக் கடலைத் தாண்டும் கப்பலில் வந்து சேரும். மணிலாவுக்கு வெளியே பல ஊர்களில் ஒரே ஒரு ஸ்பானியர்தான் இருந்தார், அவரும் பாதிரியார். ஆயிரக்கணக்கான தீவுகளை 300 ஆண்டுகளுக்கு மேல் எப்படி ஆண்டார்கள்?

ஆண்டது பரங்காய். பரங்கிக்காய் இல்லை, நேயர்களே, பரங்காய்! ஸ்பானியர் வருவதற்கு முன்பே அங்கே இருந்த சிறு குடியிருப்பு அது. உறவும் நட்பும் சார்ந்த சில பத்துக் குடும்பங்கள், தலைமைக்கு ஒரு தாத்து. ஸ்பானியர் அந்தத் தாத்துவைத் துரத்தவில்லை. கபேசா என்று ஒரு பதவிப் பெயர் கொடுத்தார்கள், சுமார் 50 குடும்பங்களை ஒப்படைத்தார்கள், வரியை வசூலித்துக் கொடு என்றார்கள். அதற்குக் கூலியாக அவருக்கும் அவருடைய மூத்த மகனுக்கும் வரி கிடையாது, கட்டாய வேலையும் கிடையாது. கட்டாய வேலை என்றால் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். ஆண்டுக்கு 40 நாள் கப்பலுக்கு மரம் வெட்ட வேண்டும், சாலை போட வேண்டும், தேவாலயம் கட்ட வேண்டும். 1884-இல்தான் அது 15 நாளாகக் குறைந்தது.

சலுகை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வசூலில் குறைந்தால் கபேசாதான் கைப்பணத்தைப் போட்டு ஈடுகட்ட வேண்டும். புயலில் நெல் போனாலும், காலராவில் குடும்பம் போனாலும், வரிக்குப் பயந்து ஆள் மலைக்கு ஓடினாலும் பட்டியலில் பெயர் பெயர்தான். ஈடுகட்ட முடியாதவருடைய சொத்து போகும், அவரும் சிறைக்குப் போவார்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு ஊராட்சி எழுத்தர் நினைவுக்கு வந்தார். மார்ச் மாதக் கடைசி. வசூல் நூற்றுக்கு நூறு. பக்கத்து ஊர்களெல்லாம் பாதியைத் தாண்டவில்லை, இவர் ஊரில் மட்டும் ஒரு ரூபாய் நிலுவை இல்லை. ரசீதுகளைப் பார்த்தால் கடைசி இருபது முப்பதும் ஒரே தேதி, ஒரே பேனா மை. "என்னங்க இது?" என்று கேட்டேன். "மேலே இருந்து திட்டுறாங்க சார். நானே கட்டிட்டேன். அறுப்பு முடிஞ்சதும் வாங்கிக்குவேன்" என்றார். தணிக்கைக் குறிப்பில் அதை எப்படி எழுதுவது என்று நான் திண்டாடியது தனிக்கதை. அவரை நேரில் பார்த்திருந்ததால் கபேசா எனக்கு அந்நியராகத் தெரியவில்லை.

கபேசாக்களுக்கு மேலே ஊருக்கு ஒரு தலைவர். வெள்ளைச் சட்டைக்கு மேல் குட்டையான கறுப்பு மேல்சட்டை, கையில் பூண் போட்ட பிரம்பு. அவரைத் தேர்ந்தெடுக்க ஊர் மக்களுக்கு ஓட்டு இல்லை. இப்போதைய, முன்னாள் கபேசாக்கள் 12 பேரும் பதவி முடியும் தலைவரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். மேல் அதிகாரி ஒப்புதல் தர வேண்டும். பாதிரியாருக்குப் பிடிக்காதவர் அந்தப் பிரம்பைத் தொடுவது கடினம். உள்ளூர்க்காரர் ஒருவர் ஏற முடிந்த உயரம் அவ்வளவுதான்.

இன்னொரு சங்கதியைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. வரிப் பட்டியலில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் என்ன பாடு என்று எனக்குத் தெரியும். முனியாண்டி மகன் கருப்பையா என்று ஒரே தெருவில் நான்கு பேர் இருப்பார்கள். ரசீது எந்தக் கருப்பையாவுக்கு? பிலிப்பைன்ஸில் ஊர் முழுக்க தெ லா குரூஸ், தெ லோஸ் சாந்தோஸ். அண்ணனுக்கு ஒரு குடும்பப் பெயர், தம்பிக்கு வேறு. கிளவேரியா என்ற கவர்னர் ஜெனரல் 1849-இல் ஓர் உத்தரவு போட்டார். குடும்பப் பெயர்களை அகர வரிசையில் அச்சடித்து, பக்கம் பக்கமாகப் பிரித்து ஊர்களுக்கு அனுப்பினார். குடும்பத் தலைவர் வந்து, வந்த பக்கத்திலிருந்து ஒரு பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் அல்பாய் மாகாணத்தில் ஓவாஸ் என்ற ஊரில் இன்றும் பெரும்பாலோரின் குடும்பப் பெயர் 'ர' ஒலியில் தொடங்குகிறது. வரிக் கணக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று ஒரு நாட்டுக்கே பெயர் வைத்த மனிதர்! இதே கிளவேரியா 1844-ஆம் ஆண்டின் டிசம்பர் 31-ஐ நாட்காட்டியிலிருந்தே எடுத்துவிட்டார். மெக்சிகோ வழியாக வந்த பழக்கத்தில் மணிலாவின் தேதி ஆசியாவுக்கு ஒரு நாள் பின்தங்கியிருந்தது. திங்கள் டிசம்பர் 30-க்கு அடுத்த நாள் புதன் ஜனவரி 1. ஆண்டுக் கடைசி நாளே இல்லாத ஆண்டில் கணக்கை எப்படி முடித்தார்களோ!

நம் ஊர்க்காரர்களுக்காக ஒரு கிளைக்கதை. 1762-இல் மணிலாவைப் பிரிட்டிஷ் படை பிடித்தது. அந்தப் படை கப்பலேறியது நம் சென்னையிலிருந்து. சென்னைச் சிப்பாய்களும் அதில் போனார்கள். சென்னைக் கவுன்சிலில் இருந்த டாசன் டிரேக் என்பவர் மணிலாவின் கவர்னரானார். ஸ்பானிய நிர்வாகத்துக்குப் பொறுப்பாக இருந்த பேராயர் சரணடைந்துவிட்டார். சிமோன் தெ அந்தா என்ற நீதிமன்ற அதிகாரி மட்டும் அரசாங்க முத்திரைத் தாள்களை எடுத்துக்கொண்டு படகேறித் தப்பினார். பம்பாங்கா மாகாணத்துப் பகோலோரில் உட்கார்ந்துகொண்டு, இனி இதுதான் அரசாங்கம் என்றார். முத்திரைத் தாள் இருந்தால் அரசாங்கம் இருக்கிறது என்று நம்பிய அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும். 1764-இல் பிரிட்டிஷார் கிளம்பிவிட்டார்கள். சிப்பாய்களில் சிலர் மணிலாவுக்கு அருகே கைந்தாவில் தங்கிக் குடும்பமாகிவிட்டார்கள்.

புரட்சிக்கு வருகிறேன். 1872-இல் மூன்று உள்நாட்டுப் பாதிரியார்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். எழுத்தாளர் ரிஸாலின் நாவல்கள் 1887-இலும் 1891-இலும் வந்தன. இரண்டாவதில் வரும் விவசாயி தாலேஸ் ஒரு கபேசா. நிலத்தைத் திருச்சபைக் குழுவிடம் இழந்து கடைசியில் கொள்ளைக்காரனாகிறார். 1892-இல் பொனிஃபாசியோ கத்திபுனான் என்ற ரகசியச் சங்கத்தைத் தொடங்கினார், 1896-இல் போர் வெடித்தது, அந்த டிசம்பரில் ரிஸாலைச் சுட்டுக் கொன்றார்கள். மறு ஆண்டு புரட்சிக்காரர்களின் தெஹேரோஸ் கூட்டத்தில் தளபதி அகினால்டோ தலைவரானார், பொனிஃபாசியோவுக்கு உள்துறை. வக்கீல் படிப்பு இல்லாதவருக்கு அந்தப் பதவியா என்று ஒருவர் எழுந்து கேட்டார். பொனிஃபாசியோ துப்பாக்கியை உருவினார். இரண்டே மாதத்தில் அகினால்டோவின் ஆட்கள் கையாலேயே அவர் செத்தார். புரட்சியின் ஆறாத புண் அது.

1898 ஜூன் 12. கவித் ஊரில் அகினால்டோவின் வீடு. ஸ்பெயினோடு போரில் இறங்கிய அமெரிக்காவின் கடற்படை ஸ்பானியக் கப்பல்களை மணிலா விரிகுடாவில் மூழ்கடித்து ஆறு வாரம் ஆகியிருந்தது. ஹாங்காங்கில் தைத்து வந்த கொடி ஏறியது, ஹூலியான் பெலிபேயின் இசை ஒலித்தது. பிரகடனத்தில் 98 பேர் கையெழுத்துப் போட்டார்கள், அவர்களில் ஒருவர் அமெரிக்க ராணுவ அதிகாரி. அமெரிக்கத் தளபதி டியூயிக்கு அழைப்புப் போயிருந்தது. இன்று தபால் நாள், வர இயலவில்லை என்று சொல்லிவிட்டார்!

அந்தப் பிரகடனத்தை வரி வரியாகப் படித்துவிட்டு முகம் சுளித்த ஒருவர் உண்டு. அப்போலினாரியோ மாபினி. தனாவான் ஊர்க் குடியானவரின் மகன். தாயார் சந்தையில் வியாபாரம் செய்தவர். மாபினி வறுமையோடு வறுமையாகச் சட்டம் படித்துத் தேறியவர். முப்பத்தோரு வயதில் நோய் வந்து இரண்டு கால்களும் செயலிழந்தன. அகினால்டோ ஆள் அனுப்பியதும் அவரைத் தூளியில் வைத்து, வழியில் ஊருக்கு ஊர் தோள் மாற்றிச் சுமந்து கொண்டு வந்தார்கள்.

அவர் கண்ட குறை இரண்டு. வலிமையும் மனிதநேயமும் மிக்க வட அமெரிக்க நாட்டின் பாதுகாப்பில் என்று பிரகடனத்தில் எழுதியிருந்தார்கள். ஒரு எசமானரிடமிருந்து இன்னொரு எசமானரிடம் போவதற்கா இத்தனை பேர் செத்தார்கள்? அடுத்தது, இதை அறிவிக்க உங்களைத் தேர்ந்தெடுத்தது யார்? தளபதி வீட்டு வாசலில் கூடியவர்கள் நாடாகிவிடுவார்களா?

ஆறே நாளில், ஜூன் 18 அன்று, மாபினி எழுதிய ஆணை வெளிவந்தது. அதில் முதலில் ஊர் வருகிறது. ஸ்பானியரிடமிருந்து விடுபட்ட ஒவ்வொரு ஊரும் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு தலைவர். காவலுக்கு ஒருவர், நீதிக்கும் பிறப்பு இறப்புப் பதிவுக்கும் ஒருவர், வரிக்கும் சொத்துக்கும் ஒருவர். ஊர்த் தலைவர்கள் கூடி மாகாணத் தலைவரைத் தேர்ந்தெடுக்கட்டும், அங்கிருந்து காங்கிரஸ் என்ற தேசிய அவைக்கு ஆள் வரட்டும். இதை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். எழுந்து நிற்க முடியாத மனிதர், போர் நடந்துகொண்டிருக்கும்போது உட்கார்ந்து, பிறப்பு இறப்புப் பதிவேட்டை யார் எழுதுவது என்று யோசித்திருக்கிறார்! ஓட்டு எல்லோருக்கும் இல்லை. நல்ல பெயரும் அந்தஸ்தும் உள்ள ஆண்களுக்குத்தான். அதை மறைக்க வேண்டியதில்லை.

அப்படித் தேர்வான ஊர்த் தலைவர்கள் சுமார் 190 பேர் ஆகஸ்ட் 1 அன்று பகோரில் கூடினார்கள். அமெரிக்கப் பாதுகாப்பு என்ற வரி இல்லாத சுதந்திரத்தை உறுதி செய்தார்கள். 300 ஆண்டுகளாக வரிப் பட்டியலுக்குப் பதில் சொல்லியே பழகிய ஊர்த் தலைவர்கள், முதல் தடவையாக மேலே இருப்பவர்களுக்கு அதிகாரம் கொடுத்த நாள் அது. என் மூன்றாவது தேதி அதுதான்.

தாளில் பாதி இன்னும் பாக்கி. ஓட்டமாக ஓடிவிடுகிறேன். செப்டம்பரில் மலோலோஸில் காங்கிரஸ் கூடியது, 1899 ஜனவரி 23-இல் குடியரசு பிறந்தது, மாபினி பிரதமரானார். அதற்குள் பாரிசில் ஸ்பெயினும் அமெரிக்காவும் பேசி முடித்துவிட்டன. தீவுகளுக்கு 2 கோடி டாலர். பிப்ரவரியில் அமெரிக்காவோடு போர். 1901-இல் அகினால்டோ பிடிபட்டார். மாபினியைக் குவாம் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1903-இல் திரும்பிய அவர் சில மாதங்களில் காலராவில் இறந்தார்.

அமெரிக்கர்களும் ஊரிலிருந்துதான் தொடங்கினார்கள். 1901-இல் நகராட்சிச் சட்டம் வந்தது. யாருக்கு ஓட்டு? சொத்து உள்ளவர், ஆங்கிலமோ ஸ்பானியமோ தெரிந்தவர், ஸ்பானியர் காலத்தில் ஊர்ப் பதவியில் இருந்தவர். பழைய கறுப்பு மேல்சட்டைக்காரர்களுக்கே மறுபடியும் கதவு திறந்தது. அங்கே அரசியல் இன்றும் சில குடும்பங்களின் கையில் இருப்பதற்கு வேர் இங்கேதான் என்பது என் கணிப்பு. 1907-இல் சட்டமன்றம் வந்தது, 29 வயது ஒஸ்மெஞா அவைத் தலைவரானார். 1916-இல் ஜோன்ஸ் சட்டம் செனட்டையும் தந்தது. 1934-இல் டைடிங்ஸ் மெக்டபி சட்டம் பத்தாண்டு தவணையில் விடுதலை என்றது. கையோடு, ஆண்டுக்கு 50 பிலிப்பினோக்களுக்கு மேல் அமெரிக்காவில் குடியேறக் கூடாது என்றது. 1935-இல் கேசோன் ஜனாதிபதியானார், எதிர்த்து நின்ற அகினால்டோ தோற்றார். 1937-இல் பெண்களுக்கு ஓட்டு வேண்டுமா என்று பெண்களிடமே கேட்டார்கள். 3 லட்சம் பேர் ஆம் என்றால் போதும் என்றிருந்தது, 4 லட்சத்து 47 ஆயிரத்துக்கு மேல் விழுந்தது! பிறகு ஜப்பானியர் வந்தார்கள், மணிலா தரைமட்டமானது, 1946 ஜூலை 4-இல் அங்கே லுனேத்தா திடலில் அமெரிக்கக் கொடி இறங்கியது. 1962-இல் ஜனாதிபதி மகபகால் விழாவை ஜூன் 12-க்கு மாற்றினார். 93 வயது அகினால்டோ அதை நேரில் பார்த்தார்.

பரங்காய் இன்னும் இருக்கிறது, சுமார் 42,000. அண்டை வீட்டுச் சண்டை பெரும்பாலும் நீதிமன்றத்துக்குப் போகும் முன் அங்கேதான் போக வேண்டும். வேலைக்குச் சேரவும் கடை திறக்கவும் அங்கே ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். நம் பிள்ளைகள் பலர் தவாவோவில் மருத்துவம் படிக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையும் அங்கே இருந்தால், பரங்காய் அலுவலகத்துக்கு ஒரு நடை போய், வரி வசூலில் குறைந்தால் இப்போது யார் தலையில் விழுகிறது என்று தலைவரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். பதிலை நிலையத்துக்கு எழுதிப் போட்டால் என் கைக்கு வந்துவிடும். எதிர்பார்த்திருப்பேன்.