கடலையும் கல்லீரலும்

மைசூர் நகரிலே செலுவாம்பா மாளிகை என்றொரு மாளிகை உண்டு. 1950-ஆம் ஆண்டு முதல் அது மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் இருப்பிடமாக விளங்கி வருகிறது. குறைந்த செலவில் புரதம் கிடைக்க வேண்டும் என்னும் நோக்குடன், நிலக்கடலை மாவையும் கொண்டைக்கடலை மாவையும் கலந்து 'பல்நோக்கு உணவு' ஒன்றை அங்குள்ள அறிஞர்கள் ஆக்கினர். ஏழைக் குழந்தைகளின் வாட்டம் அதனால் தீரும் என நம்பினர்.

இந்நிலையில், 1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. ஆராய்ந்ததில், அவற்றிற்கு இட்ட கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணத்தின் நஞ்சு கலந்திருந்தமை தெரியவந்தது. அதற்கு 'அஃப்ளடாக்சின்' எனப் பெயரிட்டனர். அத்தகைய பிண்ணாக்கை உண்ட எலிகளுக்கோ, கல்லீரலில் புற்றுநோய் கண்டது. அப்படியாயின், குழந்தைக்கு நாம் ஊட்டும் கடலை மாவின் கதி என்ன?

மைசூர் அறிஞர்கள் கடலையைக் கைவிடவில்லை. நஞ்சைக் களையும் வழியை நாடினர். கடலை மாவிலுள்ள நஞ்சை ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு அழிக்கும் முறையை 1967-இல் வெளியிட்டனர்.

இந்நஞ்சு புற்றாவது எவ்வாறு? உண்ட நஞ்சை வெளியேற்ற முயலும் கல்லீரலே அதனை மேலும் கொடிய பொருளாக மாற்றிவிடுகிறது. அப்பொருள் உயிரணுவின் மரபுப் பொருளில் ஒட்டிக்கொண்டு அதனைப் பழுதாக்குகிறது. பழுதுற்ற அணு கட்டுக்கடங்காமல் பெருகுவதே புற்று. மஞ்சட்காமாலையை உண்டாக்கும் 'பி' வைரஸ் முன்னரே குடிபுகுந்த ஈரலில் இவ்வபாயம் பன்மடங்காகிறது.

இந்நோய் தொடக்கத்தில் வலியின்றி வளர்வது. ஆகவே, 'பி' வைரஸால் ஈரல் சுருங்கியோர் ஆறு திங்களுக்கு ஒருமுறை ஒலியலைப் படம் எடுத்துப் பார்த்தல் வேண்டும். கட்டி சிறிதாக இருக்கையில் அறுத்தெடுக்கலாம். தக்கவர்க்கு மாற்று ஈரல் பொருத்துதலும் உண்டு. முற்றியபின் மருத்துவர் செய்யக்கூடியது குறைவே.

நேயர்களே, வருமுன் காப்பது நம் கையில் இருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்திற்குள் குழந்தைக்கு 'பி' வைரஸ் தடுப்பூசி இடுவோம். பறித்த கடலையை நன்கு காயவைத்து, ஈரம் அணுகாத இடத்தில் சேமிப்போம். பூஞ்சணம் பூத்ததையும், சுருங்கி நிறம் மாறியதையும் தயங்காது எறிந்துவிடுவோம். வறுப்பதனாலும் வேகவைப்பதனாலும் இந்நஞ்சு முற்றிலும் அழிவதில்லை. கைப்பிடிக் கடலை வீணாகிறதே என்று வருந்த வேண்டா. ஈரலை இழப்பதைவிட அது பெரிதன்று.