கோணம்தோறும் அளப்போம்: லேசர் உலோகப் பிளாஸ்மா கருத்தரங்கத் தலைமை உரை



சில நானோ நொடிகளே நீடிக்கும் லேசர் துடிப்பு ஓர் உலோகத் தகட்டின்மீது விழுகிறது. விழுந்த இடம் உருகி, ஆவியாகி, அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த பிளாஸ்மாவாகி, புஸ்வாணம்போல வெற்றிடத்துக்குள் சீறி எழுகிறது. 1960-இல் மைமான் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். 1963-லேயே லின்லர் இந்த அயனிகளின் ஆற்றலை அளந்தார். வெறும் வெப்ப ஆவியாதலால் விளக்க முடியாத வேகம் அவற்றுக்கு இருந்தது. எவ்வளவு வேகம் என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. எந்தத் திசையில் எத்தனை துகள் என்ற கேள்விக்குத்தான் நாம் இன்னும் உரிய இடம் கொடுக்கவில்லை.

லேசர் சாய்வாக வந்து விழுந்தாலும் பிளாஸ்மா பெரும்பாலும் இலக்கான தகட்டுக்குச் செங்குத்தாகவே பாய்கிறது. காரணம் அழுத்தச் சரிவு. துடிப்பு முடியும் தறுவாயில் பிளாஸ்மாவின் அகலம், லேசர் படும் புள்ளியின் அகலத்துக்குச் சமம். தடிமனோ அதில் ஒரு சிறு பங்குதான். தடிமன் குறைந்த திசையில் அழுத்தம் சட்டென்று விழுகிறது, அந்தத் திசையில்தான் முடுக்கமும் மிகுகிறது. அனிசிமோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993-இல் வெளியிட்ட விரிவு மாதிரி இதைக் கணக்காக வடித்தது. இதை மாணவர்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம். லேசர் புள்ளியைக் கிடைமட்டமாக நீட்டிவிடுங்கள். எதிரே வைத்த கண்ணாடித் தகட்டில் படியும் உலோகக் கறை மேலும் கீழுமாக நீண்டிருக்கும். புள்ளி எந்தப் பக்கம் குறுகலாக இருந்ததோ அந்தப் பக்கமே அதிகம் விரிந்திருக்கும். சமன்பாடு எதையும் எழுதுவதற்கு முன் ஒவ்வொரு மாணவரும் இந்தக் கறையைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

இந்தப் பரவலை, செங்குத்திலிருந்து அளக்கும் கோணத்தினுடைய கொசைனின் ஓர் அடுக்காக எழுதுவது நம் வழக்கம். அடுக்கு 1 என்றால் சாதாரண ஆவியாதல். அடுக்கு கூடக் கூட முன்னோக்கிய பாய்ச்சல். 1988-இல் வெங்கடேசனும் அவர் குழுவினரும் மீக்கடத்தி மென்படலங்களை ஆராய்ந்தபோது, ஒரே பிளாஸ்மாவில் இரு கூறுகள் இருப்பதைக் கண்டார்கள். ஒன்று கொசைன்போல அகலப் பரவியது; மற்றது முன்னோக்கிக் குவிந்தது. இலக்கின் இயைபு அந்தக் குவிந்த கூறில்தான் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அவர்கள் கையாண்டது உலோக ஆக்சைடு. தூய உலோகங்களிலும் எல்லாத் துகள்களுக்கும் ஒரே அடுக்கு பொருந்துவதில்லை. நடுநிலை அணுக்களைவிட அயனிகள் முன்னோக்கிக் குவிகின்றன. மின்னேற்றம் மிகுந்த அயனிகள் இன்னும் இறுக்கமாகக் குவிகின்றன.

அப்படியிருக்க, செங்குத்துத் திசையில் அயனி மின்னோட்டத்தை அளக்கும் ஃபாரடே குவளை ஒன்றை மட்டும் வைத்து அளந்து, அடுக்கை ஊகித்து, மொத்த அயனி எண்ணிக்கையைச் சொல்லும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன. இது சிறு பிழையன்று. அடுக்கு 10 என்றால் 45 பாகையில் கிடைப்பது செங்குத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 3 விழுக்காடு. அடுக்கு 4 என்றால் 25 விழுக்காடு. செங்குத்தில் ஒரே அளவு பதிவாகியிருந்தும், இவ்விரண்டில் எதைக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து மொத்தம் 2.2 மடங்கு மாறிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே இடத்தில் பலமுறை சுட்டால் இலக்கின் மேற்பரப்பில் லேசர் வரும் திசையை நோக்கிய நுண்கூம்புகள் முளைக்கின்றன. பிளாஸ்மாவும் அந்தப் பக்கமாகச் சாய்கிறது. செங்குத்தில் நிற்கும் குவளையில் மின்னோட்டம் குறைகிறது. அயனிகளே குறைந்துவிட்டன என்று பார்ப்பவர் முடிவு கட்டுகிறார். இலக்கைச் சுழற்றிக்கொண்டே சுடுவது இதனால்தான்.

டென்மார்க்கின் ரிசோ ஆய்வகமும் டப்ளின் டிரினிட்டி கல்லூரியும் வெள்ளிப் பிளாஸ்மாவில் செய்து 2000-இல் வெளியிட்ட அளவீடுகள் எனக்கு முன்மாதிரியாகத் தெரிகின்றன. எலக்ட்ரான் அடர்த்தியையும் வெப்பநிலையையும் அவர்கள் கோணம் கோணமாக அளந்தார்கள். பொறுமை கேட்கும் வேலைதான். ஆனால் ஒரு மாதிரியைச் சோதிக்க அந்தப் பொறுமை இல்லாமல் முடியாது.

சில்லுத் தொழிலும் இதே கேள்வியின்மேல்தான் நிற்கிறது. சில்லுகளில் நுண்வடிவங்களைப் பதிக்கும் 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியைப் பெற நொடிக்கு 50,000 வெள்ளீயத் துளிகளை லேசரால் சுடுகிறார்கள். ஒளியைத் திரட்டும் ஆடி மாலிப்டினமும் சிலிக்கனும் மாறி மாறி அடுக்கிய நுண்படலங்களால் ஆனது. ஓர் இணையின் தடிமன் 7 நானோமீட்டர் அளவுதான். விரைந்து வரும் வெள்ளீய அயனிகள் அதை அரிக்கின்றன. அவற்றைத் தடுக்க ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்துகிறார்கள். ஆடியின் எந்தப் பகுதிக்கு எந்த ஆற்றலில் எத்தனை அயனிகள் வரும் என்று தெரியாமல் அந்தப் பாதுகாப்பைத் திட்டமிட முடியாது. அதைச் சொல்லவல்லது கோணப் பரவல் ஒன்றே.

கட்டுரை வாசிக்க வந்திருப்போருக்கு என் வேண்டுகோள் இது: குறைந்தது ஐந்து கோணங்களிலாவது அளவிடுங்கள். புள்ளியின் வடிவம், அளவு, துடிப்பின் ஆற்றல், வெற்றிடக் கலத்தின் அழுத்தம், இலக்கு சுழன்றதா என்பது ஆகிய அனைத்தையும் முடிவுகளுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். குவளையிலிருந்து தெறிக்கும் இரண்டாம் நிலை எலக்ட்ரான்களை எப்படித் தடுத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மற்றொரு கூடத்தில் உங்கள் சோதனையைத் திரும்பச் செய்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. இந்த வேண்டுகோளுடன் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.