இரண்டு கொப்பிகள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



சங்கத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். நான் ஒரு கலியாணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன்.

கடந்த ஆண்டு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்குத் திருமணம். வயது 47. தகப்பனை இழந்த வீட்டில் மூன்று தம்பிமாரைப் படிப்பித்து ஆளாக்கிய பிறகே அவள் தன்னைப் பற்றி நினைத்தாள். "இந்த வயதிலை கலியாணமோ?" என்றவர்களும் இருந்தார்கள். என்னிடம் அவள் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "நீ வரவேணும். சாட்டுச் சொல்லாதை."

2013க்குப் பிறகு நான் ஊருக்கு வரவில்லை. 2020இல் அம்மா காலமானபோது கொரோனாவால் விமான நிலையம் மூடியிருந்தது. செத்தவீட்டைக் கைத்தொலைபேசியில்தான் பார்த்தேன். அதன்பின் அம்மா இல்லாத வீட்டுக்கு வர மனம் துணியவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்ததை இங்குள்ள பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போதுதான் நாங்கள் உயர்தர வகுப்புக்கு வந்திருந்தோம். நான் உடுப்புகளைக் கட்டிக்கொண்டு போனேன். அவள் கொப்பிகளைச் சுமந்து வந்தாள். கொடிகாமத்தில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் அவளுடைய இரசாயனவியல் கொப்பியை வைத்துத்தான் நான் படித்தேன். நான் மருத்துவ பீடத்துக்குப் போனேன், அவள் ஆசிரியையானாள். நான் இங்கிலாந்து போனபின் கடிதங்கள் குறைந்தன; பிறகு நின்றுவிட்டன. நிறுத்தியவள் நான்தான்.

கலியாணத்துக்கு முதல்நாள் வீட்டு அலுமாரியில் அம்மாவின் கிளினிக் கொப்பியைக் கண்டேன். பிரஷர், சீனி அளவுகள், மருந்துகளின் பெயர்கள் எல்லாம் திகதிவாரியாக எழுதப்பட்டிருந்தன. அம்மாவின் எழுத்தல்ல. ஆனால் எனக்குத் தெரிந்த உருண்டையான எழுத்து.

"சின்னம்மா, இது ஆர் எழுதினது?"

"வேறை ஆர்? உன்ரை சிநேகிதிதான். மாதம் ஒருக்கா கொம்மாவை அவள்தான் கூட்டிக்கொண்டு போறவள். நீ கவலைப்படுவாய் எண்டு கொம்மா உனக்குச் சொல்லவிடேல்லை."

நான் டொக்டர். என் அம்மாவுக்காகக் கிளினிக் வாங்கிலில் காத்திருந்தவள் அவள்.

மறுநாள் அறுகரிசி போட மணவறைக்குப் போனேன். தலையில் அரிசி விழ, கூறைச்சேலையோடு அவள் குனிந்தபடியே கேட்டாள்: "என்ரை இரசாயனவியல் கொப்பி எங்கையடி?" சிரித்தேன், அழுகையும் வந்தது. நன்றி சொல்ல வாய் வரவில்லை.

அன்று பந்தியில் எங்கள் வகுப்பைச் சேர்ந்த ஒன்பது பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். பேசப் பேச ஒன்று விளங்கியது: வெளிநாட்டில் இருக்கும் எங்களில் பலருடைய தாய் தகப்பனை, ஊரில் இருக்கும் யாரோ ஒரு தோழி ஓசையில்லாமல் பார்த்து வந்திருக்கிறாள்.

அன்றே ஒரு பட்டியல் எழுதினோம். யாருடைய பெற்றோர் தனியாக இருக்கிறார்கள், அருகில் வசிப்பவள் யார், ஓட்டோச் செலவு யார் பொறுப்பு என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தோம். ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி: குடிக்கும் மருந்துகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள், அடுத்த கிளினிக் திகதி. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தொலைபேசியில் அவர்களோடு பேசுகிறேன்.

தோழிகளே, நூற்றாண்டுக்குக் கட்டடம் கட்டுவோம், புலமைப்பரிசில் கொடுப்போம். அவை வேண்டியவைதான். அதோடு ஒவ்வொரு வகுப்பும் இப்படி ஒரு பட்டியல் எழுதட்டும். நீங்கள் பேசாமல் விட்ட ஒருத்தி இருந்தால், அவளுடைய கலியாண அழைப்பு வரும்வரை காத்திராமல் இன்றிரவே அழையுங்கள்.

அந்த இரசாயனவியல் கொப்பி இடப்பெயர்வுகளில் எங்கோ தொலைந்துவிட்டது. அம்மாவின் கிளினிக் கொப்பி என்னிடம் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள்.