காளான்: கத்துக்கிட்டு கடன் வாங்குவோம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



காளானைப் பத்திப் பேசச் சொன்னாங்க. எங்க குழுவுக்கு வருமானம் தர்றது காளான்தான். ஆனா முதல் வருஷம் நஷ்டத்தைக் கொடுத்ததும் அதுதான். ரெண்டையும் சொல்றேன்.

சின்ன வயசுல மழை பேஞ்ச மறுநாள் காட்டுக்குப் போனா புத்துக்காளான் கிடைக்கும். இடி இடிச்சா காளான் முளைக்கும்னு அப்பத்தா சொல்லுவாங்க. உண்மையில் அந்தக் காளானை வளர்ப்பது கரையான். புற்றுக்குள்ளே தோட்டம் மாதிரி ஒரு பூசணத்தை வளர்த்து அதையே உணவாக்கிக்கொள்கிறது. மழை பெய்து மண் ஈரமானதும் அந்தப் பூசணம் வெளியே குடை விரிக்கிறது. கரையான் செய்யும் இந்த விவசாயத்தை நம்மால இன்னும் வியாபாரமா செய்ய முடியலைங்க.

காளான் செடி கிடையாது. அதுக்குப் பச்சையம் இல்லை, வெயிலில் உணவு தயாரிக்கத் தெரியாது. வைக்கோல், மரம், சருகு இவற்றை மக்கச் செய்து உறிஞ்சித்தான் வாழ்கிறது. நாம் பறிக்கும் குடை, அதன் காய் மாதிரி. உயிர் முழுக்க வைக்கோலுக்குள் ஓடும் வெள்ளை நூலில் இருக்கு. இது புரிஞ்சாலே பாதித் தொழில் புரிஞ்ச மாதிரி.

இந்தப் பயிருக்கும் நம்ம கோயம்புத்தூருக்கும் பழைய உறவு. 1943லேயே இங்க இருந்த விவசாய ஆராய்ச்சியாளர்கள் வைக்கோல் காளான் வளர்க்கும் முறையை எழுதி வெச்சாங்க. 1962ல் மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் வைக்கோலில் சிப்பிக்காளான் வளர்க்கலாம்னு காட்டிய இருவரில் ஒருவர் பெண் விஞ்ஞானி, ஜக்கியா பானு. பால்காளான் வங்காளத்தில் கண்டறியப்பட்டது. அதில் ஏ.பி.கே. 2 என்ற ரகத்தை 1998ல் வெளியிட்டது நம்ம தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். சிப்பிக்காளானுக்கு 20 முதல் 28 டிகிரி குளிர்ச்சி வேணும். பால்காளான் 30, 35 டிகிரி சூட்டிலும் வரும். அதனால ஐப்பசி, மார்கழியில் சிப்பி, சித்திரையில் பால்காளான்னு மாத்தி மாத்திப் போடுறோம்.

காளான் வித்து எதில் தயாராகுது தெரியுமா? நம்ம சோளத்தில்! அரைவேக்காடா வேகவெச்சு, சுண்ணாம்புத் தூள் கலந்து, கிருமி நீக்கி, அதில் காளான் நூலைப் பரவ விடுறாங்க.

இப்ப எங்க நஷ்டக் கதை. வைக்கோலை இரண்டு அங்குலமா வெட்டி, 5 மணி நேரம் ஊறவெச்சு, ஒரு மணி நேரம் வேகவைக்கணும்னு பயிற்சியில் சொன்னாங்க. விறகு செலவாகுதேன்னு நாங்க கொதிதண்ணியை மேலாக ஊத்தி எடுத்துட்டோம். ஈரமும் சரியா வடியலை. பத்தே நாளில் பாதிக்கு மேல பெட்டு பச்சைப் பூசணம் புடிச்சுப் போச்சு. நாம கொல்லாம விட்ட பூசணம், நாம போட்ட வித்தைத் தின்னுடுச்சு. தவணை கட்ட ஒருத்தி தோட்டை அடகு வெச்சா. குழுவுல ரெண்டு மாசம் முகம் கொடுத்துப் பேசிக்கலை. விறகுல மிச்சம் புடிச்ச காசு எங்க போச்சுன்னு பாத்துக்குங்க.

அதுக்கப்புறம் நாங்க வெச்ச விதி: வைக்கோலைக் கையில் இறுக்கிப் புழிஞ்சா தண்ணி சொட்டக் கூடாது, கையில ஈரம் மட்டும் தெரியணும். பச்சை தெரிஞ்ச பெட்டை அன்னைக்கே வெளியே கொண்டுபோய்ப் புதைச்சிடணும். அறைக்குள்ள போறப்ப மூக்கு, வாயை மூடிக்கணும். காளான் தூள் சிலருக்கு இருமலும் மூச்சுத்திணறலும் கொடுக்கும். ஓரம் சுருளும் முன்னாடியே பறிக்கணும்.

விற்பனைதான் பெரிய சவால். பத்துப் பங்கில் ஒன்பது பங்கு தண்ணி இருக்கிற பொருள்; வெளியில வெச்சா ஒரு நாள்தான். வாங்குற ஆளைப் பாத்துட்டுப் பெட்டுப் போடுங்க. "நாங்களே திரும்ப வாங்கிக்கறோம்"னு சொல்லி முன்பணம் கேட்டா, 2012ல் நம்ம பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவங்க பட்ட பாட்டை நினைச்சுக்குங்க. சர்க்கரையைத் தீர்க்கும், புற்றுநோயைத் தீர்க்கும்னு சொல்லியும் விற்காதீங்க. நல்ல உணவு, அது போதும்.

கடைசியா ஒண்ணு. தெரியாத காட்டுக் காளானைப் பறிச்சுச் சமைக்காதீங்க. பூண்டு கறுக்கலை, வெள்ளிக்காசு கறுக்கலை, பூச்சி தின்னிருக்குன்னு பாத்து நம்புறது தப்பு. சில விஷக்காளான் எவ்வளவு வேகவெச்சாலும் விஷம் போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழிச்சுத்தான் வாந்தி, பேதி வரும். அது நின்னு சரியான மாதிரி இருக்கும். அதுக்குள்ள ஈரலைக் கெடுத்திருக்கும். சந்தேகம்னா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, மிச்சக் காளானையும் எடுத்துட்டுப் போங்க.

முதல்ல பயிற்சி, அப்புறம் பத்து பெட்டு, அதுக்கப்புறம் கடன். இந்த வரிசை மாறினா என்ன ஆகும்னு எங்க குழுவைக் கேளுங்க. வரிசை மாறாம வந்தா, எங்க கொட்டகைக் கதவு உங்களுக்கு எப்பவும் திறந்தே இருக்கும், வந்து பாருங்க.

அடகு வெச்ச தோட்டை போன தைப்பொங்கலுக்கு முன்னாடியே மீட்டுட்டோமுங்க.