வொரண்டி வாயில் இல்லை, கடதாசியில் இருக்கிறது

(பெரியநீலாவணையில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



தோட்டத் தொழிலாளர் சங்கம் கடற்கரைக்கு வந்து கெப் வண்டியின் கியர் பொக்ஸைப் பற்றி ஏன் பேசுகிறது என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் இந்த ஊருக்குள்ளால் ஓடும் வீதியிலேயே இருக்கிறது. இந்த ஏ-4 வீதி கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில், மொனராகலை, வெல்லவாய என்று போய், கொஸ்லந்தை, அல்துமுள்ளைத் தேயிலைத் தோட்டங்களுக்கூடாகக் கொழும்பைச் சேர்கிறது. இங்கிருந்து கருவாடு மலைக்கு ஏறுகிறது. மலையிலிருந்து மரக்கறி இறங்குகிறது. தோட்டத்துச் சம்பளம் போதாமல் வெளியேறிய எங்கள் பிள்ளைகள் பலர் சிங்கிள் கெப்பும் சின்ன லொறியும் ஓட்டித்தான் வீட்டுக்கு அரிசி கொண்டுவருகிறார்கள்.

அந்த வண்டி எப்படி வீட்டுக்கு வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அம்மாவின் தாலிக்கொடி அடகில். மிச்சம் லீசிங். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வண்டிகளின் விலையும் ஏறியது. 2025 பெப்ரவரியில் தடை நீங்கியபோதும் புதிய வண்டி ஏழைக்கு எட்டும் விலையில் வரவில்லை. ஆகவே பழைய வண்டியோ புதிய வண்டியோ, கியர் பொக்ஸ் உடைந்தால் உடைவது இரும்பு மட்டுமல்ல. வண்டி நிற்கும், தவணை நிற்காது.

முதலில் வண்டியைப் பார்ப்போம். கியர் பொக்ஸ் பெரும்பாலும் சொல்லாமல் போவதில்லை. ஒரு கியரில் மட்டும் இரைச்சல் வரும். போட்ட கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வரும். ஓட்டோமெட்டிக் வண்டியென்றால் எஞ்சின் இரையும், வண்டி இழுக்காது; அல்லது கியர் மாறும்போது குலுங்கும். காலையில் வண்டியை எடுத்த இடத்தில் ஒயில் சொட்டு கிடக்கும். ஒயிலில் கருகல் மணம் வரும். ஒயில் குறைந்தால் பல்லுச் சக்கரமும் பெயரிங்கும் ஒன்றையொன்று தின்னும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் "இந்த லோட்டை இறக்கிவிட்டுப் பார்ப்போம்" என்று ஓடாதீர்கள். ஒரு சீலில் முடிய வேண்டிய செலவு முழுப் பெட்டியையும் தின்றுவிடும்.

இன்னொன்று. பெரகலையிலிருந்து வெல்லவாய பக்கம் இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவது கூடாது. குறைந்த கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். சூடேறிய பிரேக் பிடிக்காது. இது வண்டிக்காகச் சொல்வதல்ல, உயிருக்காகச் சொல்வது.

இனி வொரண்டி. வண்டியோடு வரும் வொரண்டி முடிந்த பிறகும் பாதுகாப்புத் தருவதாகச் சொல்லி, தனியாகக் காசு வாங்கி விற்பதுதான் எக்ஸ்டென்டட் வொரண்டி. அதை எப்போதும் கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கையெழுத்து வைக்கும் முன் ஐந்து கேள்வி கேளுங்கள். காசு தரப்போவது வாகனக் கொம்பனியா, வேறொரு கொம்பனியா? காலமா, கிலோமீற்றரா, எது முந்தினால் முடிகிறது? கூலிக்கும் வியாபாரத்துக்கும் ஓடும் வண்டிக்கு இது செல்லுமா? சேர்விஸை அவர்களுடைய இடத்தில் மட்டும்தான் செய்ய வேண்டுமா? பெட்டியைக் கழற்றிப் பார்க்கும் கூலியும் வண்டியைக் கட்டி இழுத்துவரும் செலவும் யாருடையது?

மூன்றாவது கேள்வியை மறக்கவே வேண்டாம். சொந்தப் பாவனைக்கு மட்டும் என்று எழுதியிருந்தால், கருவாடு ஏற்றும் வண்டிக்கு அந்தக் கடதாசி வெறும் கடதாசி. கிளச் பிளேட், ஒயில் போன்ற தேயும் பொருட்களும் பெரும்பாலும் அதற்குள் வருவதில்லை. அதிக பாரம் ஏற்றியதென்று காட்ட முடிந்தால் முழுவதையும் மறுப்பார்கள்.

எமது உறுப்பினர் குடும்பம் ஒன்றுக்கு நடந்ததைச் சொல்கிறோம். அவர்களுடைய கெப்பின் கியர் பொக்ஸ் மொனராகலைக்கு அப்பால் இறுகிவிட்டது. எக்ஸ்டென்டட் வொரண்டி இன்னும் நடப்பில் இருந்தது. விற்றவர்கள் தொலைபேசியில், "நீங்கள் ஓவர்லோட் ஏற்றியிருப்பீர்கள், அதற்கு வொரண்டி கிடையாது" என்றார்கள். அந்த வீட்டு மகள் எமது கிளைக்கு வந்தார். நாங்கள் சண்டைக்குப் போகவில்லை. இரண்டு காரியம் செய்தோம். எங்கள் பக்கத்து ஆள் நிற்காமல் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தோம். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்டோம். பெட்டியைத் திறந்தபோது உடைந்திருந்தது ஒரு பெயரிங். பரிசோதனை அறிக்கையில் ஓவர்லோட் என்ற சொல்லே இல்லை. ஒவ்வொரு சேர்விஸ் பற்றுச்சீட்டையும் அந்தத் தாய் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். பாகங்களையும் கூலியையும் கொம்பனி ஏற்றது. ஒயிலும் இழுவைச் செலவும் குடும்பத்தின் தலையில் விழுந்தன. ஐந்து வாரம் வண்டி ஓடவில்லை, அந்த இழப்பை யாரும் தரவில்லை. முழு வெற்றி என்று சொல்லமாட்டோம். ஆனால் லீசிங்காரர் வண்டியைத் தூக்கவில்லை.

"நீ ஓட்டின விதம்தான் பிழை" என்ற பேச்சு இந்த நாட்டில் மட்டும் உள்ளதல்ல. அவுஸ்திரேலியாவில் போர்ட் கொம்பனி விற்ற பியஸ்டா, போகஸ், எகோஸ்போர்ட் கார்களின் பவர்ஷிப்ட் கியர் பொக்ஸ் குலுங்கியது. முறையிட்டவர்களுக்கு, ஓட்டும் முறையால்தான் குலுங்குகிறது என்று பதில் சொல்லப்பட்டது. கோளாறு கியர் பொக்ஸில் இருப்பது கொம்பனிக்குத் தெரிந்திருந்தும் அப்படிச் சொன்னார்கள். அந்நாட்டு நுகர்வோர் ஆணைக்குழு வழக்கு வைத்தது. 2018 ஏப்ரலில் சமஷ்டி நீதிமன்றம் 1 கோடி அவுஸ்திரேலிய டொலர் அபராதம் விதித்தது. தனித்தனியாகக் கேட்டபோது ஒவ்வொருவரும் கெட்ட சாரதி. முறைப்பாடுகள் ஒன்றாகச் சேர்ந்தபோது கெட்டது கியர் பொக்ஸ் என்று தெரிந்தது. சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எங்களிடம் இல்லை.

எமது நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி முறையிடலாம். எழுதிக் கொடுத்த உத்தரவாதம் மட்டுமல்ல, எழுதாமலே அடங்கியிருக்கும் உத்தரவாதமும் சேரும். விசாரணையில் நியாயம் தெரிந்தால் நட்டஈடு தரவோ, பொருளை மாற்றித் தரவோ, காசைத் திருப்பித் தரவோ அதிகார சபை உத்தரவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். பொருள் விற்கப்பட்ட அல்லது சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். "நாளைக்கு வாங்க, அடுத்த கிழமை பார்ப்போம்" என்று இழுத்தடிப்பவருக்கு இந்த மூன்று மாதக் கணக்கு நன்றாகத் தெரியும். எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதிகார சபையின் அவசர இலக்கம் 1977. காலம் கடந்துவிட்டாலும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழுவிடம் ஆலோசனை கேளுங்கள்.

தோட்டத்துத் தாய்மாருக்கு இது புதுப் பாடமல்ல. கொழுந்து நிறுக்கும் இடத்தில் வாயால் சொன்ன கிலோவை நாம் நம்புவதில்லை, எழுதிய கிலோவைப் பார்க்கிறோம். மேடைப் பேச்சாகவே கிடந்த 1000 ரூபா நாட்சம்பளம், 2021 மார்ச்சில் வர்த்தமானியில் ஏறிய பிறகுதான் சட்டமானது. வொரண்டியும் அப்படித்தான். விற்கும்போது சொல்லும் இனிப்பான பேச்சு, உடையும்போது சாட்சிக்கு வராது.

ஆகவே இன்றிரவே செய்ய வேண்டியவை மூன்று. வொரண்டிக் கடதாசியைத் தேடி எடுத்து, முடிவுத் திகதியையும் கிலோமீற்றரையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் கிளைக்குக் கொண்டுவாருங்கள், வாசித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. சேர்விஸ், ஒயில், டயர் எல்லாப் பற்றுச்சீட்டையும் ஒரே இடத்தில் சேருங்கள். ஊர் கராஜில் செய்தாலும் திகதியும் மீற்றர் இலக்கமும் எழுதிய துண்டு கேளுங்கள்; கேட்பதால் பாஸ் கோபிக்கமாட்டார். வண்டி நின்றால், யாரும் பெட்டியைத் திறக்கும் முன் படம் எடுத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

கடிதம் எழுதவும் கூட வந்து நிற்கவும் சங்கம் தயார். பற்றுச்சீட்டை மட்டும் நீங்கள் பத்திரப்படுத்துங்கள்.