செல்ஃப் மோட்டாரும் எர்த் வயரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஐந்து நிமிடம்தான் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

திட்டக்குடியில் எங்கள் தெருவில் பந்தல் போடும் அண்ணன் ஒருவர் 1996 மாடல் மேட்டடார் வேன் வைத்திருக்கிறார். பஜாஜ் டெம்போ கம்பெனி 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயரையே மாற்றிக்கொண்டது. வண்டி மட்டும் இன்னும் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஓடுகிறது. ஆனால் விடியற்காலையில் நாலு பேர் தள்ளினால்தான்! ஒரே வருஷத்தில் இரண்டு செல்ஃப் மோட்டார், ஒரு பேட்டரி மாற்றியாயிற்று. "தம்பி, மூணாவதும் வாங்கணுமா, இல்லே எடைக்குப் போட்டுடவா?" என்றார். அந்த வண்டிதான் அவர் பிழைப்பு.

டீசல் என்ஜின் வேகமாகச் சுழன்றால்தான் காற்று அழுந்திச் சூடேறித் தீப்பிடிக்கும். அதற்கு மோட்டார் 200, 300 ஆம்பியர் இழுக்கும். வீட்டு ஃபேன் அரை ஆம்பியர்கூட இழுக்காது! 200 ஆம்பியர் போகும் வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே போச்சு. சும்மா நிற்கும் வண்டியில் சாதாரண மீட்டரை ஓமில் வைத்தால் இது பிடிபடாது. ஹெட்லைட்டும் நன்றாகவே எரியும்.

ஆகவே ஸ்டாப் வயரை இழுத்துப் பிடித்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, வோல்ட்டில் அளந்தோம். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து மோட்டார் பிளஸ் வரை 0.9. அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பேட்டரி மைனஸிலிருந்து என்ஜின் பாடி வரை 1.8! என்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங்கில். அதைச் சேஸிஸோடு சேர்க்கும் எர்த் பட்டை பச்சை பூத்து, பெயிண்ட் அடித்த போல்ட்டில் பேருக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை மோட்டார் மாற்றியபோதும் அதை யாரும் தொடவில்லை.

பேட்டரி மைனஸை முதலில் கழற்றினோம். 35 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், அழுத்திப் பிடித்த லக், உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்த இரும்பு, மேலே கொஞ்சம் வாசலின். மோட்டாரின் மவுண்டிங் போல்ட்டுக்கே நேராக ஒரு எர்த். சேஸிஸுக்குத் தனியாக ஒன்று. வயர் வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், மேலே செம்பு பூசிய அலுமினியமும் கடையில் விற்கிறது. மைனஸைக் கடைசியில் மாட்டினோம்.

திரும்ப அளந்தபோது எர்த் பக்கம் 0.2. மறுநாள் விடியற்காலை ஒரே செல்ஃபில் வண்டி பிடித்தது. மோட்டார் அதேதான். முதலில் கழற்றிப் போட்ட மோட்டாருக்குக் கார்பன் மட்டும் மாற்றி ஸ்பேராக வைத்திருக்கிறார்.

மீட்டரைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். ஒர்க்‌ஷாப் பின்னால் நிற்கும் நம் கல்லூரி வேனையும் சாப்பாட்டுக்கு அப்புறம் பார்க்கலாமா என்று முதல்வர் ஐயாவிடம் கேட்டிருக்கிறேன். தள்ளிப் பழகிய நண்பர்களும் வரலாம்.