மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஸ்கேன் கருவி: வாங்குமுன் யோசியுங்கள்



தோட்டப்புறத்தில் நாலு மாடு வைத்துப் பால் கறந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் இந்நாட்டில் ஏராளம். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று மாட்டுப் பண்ணையும் ஆட்டுப் பண்ணையும் நடத்துகிறார்கள். கையில் எடுத்துச் செல்லும் ஸ்கேன் கருவியை வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்பது அவர்கள் கேட்கும் கேள்வி.

முதலில் கணக்கைப் பாருங்கள். பசு ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். கருவூட்டல் ஊசி போட்ட பசு சினை பிடிக்கவில்லை என்பதைக் கவனிக்காமல் விட்டால், ஒவ்வொரு முறையும் மூன்று வாரத் தீவனம் வீண். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துச் சொல்ல, அனுபவசாலிக்கே 35 நாளுக்கு மேல் ஆக வேண்டும். ஸ்கேனில் 28, 30 நாளிலேயே கருவும் அதன் இதயத் துடிப்பும் தெரிந்துவிடும். கருவியின் பயன் இதுதான்.

கருவியில் முக்கியமானது திரையல்ல, 'புரோப்' என்னும் ஒலி அனுப்பும் முனை. பசுவுக்கு ஆசனவாய் வழியாகப் பார்க்கும் நேர்முனை புரோப் தேவை. 5 முதல் 7.5 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்தால் நல்லது. ஆட்டுக்கு வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் வளைமுனை புரோப், 3.5 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். மெகாஹெர்ட்ஸ் கூடினால் படம் தெளிவாகும். ஆனால் ஆழம் குறையும். ஆட்டின் வயிற்றில் எத்தனை குட்டி என்று எண்ண ஏற்ற காலம் 45 முதல் 90 நாள் வரை. அதற்குப் பிறகு குட்டிகள் பெரிதாகிவிடுவதால் எண்ணுவது சிரமம்.

மருத்துவமனைகள் கழித்துவிட்ட பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் ஆசைப்படுவார்கள். அதில் வரும் வளைமுனை ஆட்டுக்கு ஒருவேளை உதவலாம். பசுவின் ஆசனவாய்க்குள் விடுவதற்கு ஆகாது. புதிய புரோப் தனியே வாங்கப் போனால், மிச்சம் பிடித்த பணமெல்லாம் அதிலேயே போய்விடும்.

அடுத்து, கடையின் குளுகுளு அறையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நம் நாட்டு வெயிலில் திரை தெரிகிறதா? மழையும் சாணமும் பட்டால் தாங்குமா? ஒருமுறை மின்னேற்றினால் ஒரு காலை வேலை முழுக்க ஓடுமா? பண்ணைக்கே கொண்டுவரச் சொல்லி, உங்கள் மாட்டிலேயே காட்டச் சொல்லுங்கள். புரோப் கீழே விழுந்தால் உள்ளிருக்கும் படிகங்கள் உடையும். படத்தில் கருங்கோடுகள் விழும். பழுது பார்ப்பவர் உள்நாட்டில் இருக்கிறாரா, அதுவரை மாற்றுக் கருவி தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு கருவியை நாலு பண்ணைகள் பகிர்ந்துகொள்வது சிக்கனம்தான். ஆனால் கோமாரி போன்ற நோய்களும் அதோடு பயணம் செய்யும். மாட்டுக்கு மாடு கையுறையையும் புரோப் உறையையும் மாற்றுங்கள். பண்ணையை விட்டுக் கிளம்புமுன், கருவியைத் தயாரித்தவர் சொல்லும் மருந்தால் துடைத்துவிடுங்கள். கண்ட மருந்தைப் போட்டால் புரோப்பின் மேல்தோல் கெட்டுவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் பார்ப்பவரின் கண். சினையாக இருக்கும் பசுவைச் சினையில்லை என்று தவறாகச் சொல்லி, பருவத்துக்குக் கொண்டுவரப் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டால், இருந்த கன்றும் கலைந்துபோகும். இல்லாவிட்டால் அந்தப் பசு இறைச்சிக்கடைக்குப் போகும். ஆகவே சந்தேகம் வந்தால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். 30 நாளில் தெரிந்த கரு பிறகு தங்காமலும் போகலாம் என்பதால், 60 நாளில் இன்னொரு முறை பார்ப்பது அவசியம்.

ஐந்தாறு மாடு வைத்திருப்பவருக்குச் சொந்தக் கருவி தேவையில்லை. கருவி வைத்திருக்கும் கால்நடை மருத்துவரை மாதம் ஒருமுறை அழைத்தாலே போதும். மந்தை பெரிதாக உள்ளவர்கள், கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். படம் காட்டுவது கருவி. அதைப் படித்துச் சொல்ல வேண்டியவர் மனிதர்.